ஏழாம் விதியும் இரண்டு காலெட்டுகளும்

மார்ச் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை. மரப்பட்டறையின் கருவிக் கிடங்குப் பொறுப்பாளர், கைக்குட்டையில் முடிந்த இரண்டு எஃகுத் துண்டுகளோடு, சாணைக் கடையின் மூன்று படிகளையும் ஏறினார்.

பட்டறையில் அவருக்கு 'வெர்னியர்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. மயிரிழைப் பிசகையும் காட்டிக்கொடுக்கும் வெர்னியர் அளவுகோல் ஒன்றை இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சட்டைப் பையில் சுமந்ததால் வந்த பெயர் அது. அந்தப் பெயர் அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. பொருத்தமாக இருந்தபடியால் அவர் ஆட்சேபிக்கவில்லை.

கைக்குட்டையில் இருந்தவை ஒரு ரௌட்டரின் காலெட்டுகள். ரௌட்டர் என்றதும் இணைய இணைப்புப் பெட்டியை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்: மரவேலையில் ரௌட்டர் என்பது, பலகையில் பள்ளம் வெட்டவும் விளிம்பை உருட்டவும் இரு கைகளாலும் பிடித்து ஓட்டுகிற மோட்டார் கருவி. அதன் அடியில் சுழலும் வெட்டுமுனைக்குப் பிட் என்று பெயர். பிட்டின் காம்பைக் கவ்விப் பிடிப்பது காலெட். சுண்டுவிரல் நுனியளவே உள்ள, நீளவாக்கில் பிளவுகள் கொண்ட கூம்பு வடிவக் குழல். நட்டை இறுக்கினால் பிளவுகள் நெருங்கும், காம்பு சிறைப்படும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலை நடக்காவிட்டால், நிமிடத்துக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் சுற்றுகிற பிட் தன் விருப்பப்படி கீழே இறங்கத் தொடங்கிவிடும்.

மூன்று வாரங்களுக்கு முன்பு அப்படித்தான் இறங்கியது. ஒரு நூலகத்துக்காகச் செய்துகொண்டிருந்த நீண்ட மேசைப் பலகையில், ஆறு மில்லிமீட்டர் ஆழத்தில் ஓட வேண்டிய பள்ளம் பாதி வழியில் ஆழமாகிக்கொண்டே போய், கடைசியில் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பட்டறை முழுவதும் 'மாப்பிள்ளை' என்று அழைத்தது. அவர் வெர்னியருடைய தங்கையின் கணவர் என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு காரணம் இல்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் அவருக்கு அது ஐந்தாம் மாதம். காலம் முடியும்போது அவரை ரௌட்டரில் நிரந்தரமாக்குவதா, விடுவிப்பதா என்று எழுத்தில் பரிந்துரைக்க வேண்டியவர் கருவிக் கிடங்குப் பொறுப்பாளர், அதாவது, மச்சான்.

உறவினருக்குச் சலுகை காட்டினார் என்று ஒருவரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்பதில் வெர்னியர் குறியாக இருந்தார். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடத் தாமதத்தைப் பொறுத்தவர், மாப்பிள்ளைக்கு ஒரு நிமிடத்தையும் பதிவேட்டில் ஏற்றினார். பலகை ஓட்டையான அன்றே அவரைச் சிப்பம் கட்டும் பிரிவுக்கு, மேசைக் கால்களுக்கு அட்டை சுற்றும் வேலைக்கு, மாற்றச் செய்தார். பெட்டியோடு வந்த காலெட் ஒன்று, உதிரியாக வந்தது ஒன்று. நான்கு மாதங்களில் இரண்டும் ஒரே ஆளின் கையில் கெட்டுப்போயிருந்தன. அறிக்கையில் அவர் எழுதிய வாசகம் இது: 'ஓட்டுநர் அளவுக்கு மீறி இறுக்கியதால் இரு காலெட்டுகளின் வாயும் 5.7 மில்லிமீட்டராகச் சுருங்கியுள்ளது.' நேற்று, செவ்வாய்க்கிழமை, அந்த அறிக்கையின் அடியில் 'நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு மேலாளரின் மேசையில் வைத்தார்.

நேற்று மாலை தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரே வீட்டில் அண்ணன் கீழே, தங்கையும் கணவரும் மேலே.

"அண்ணா, நீ அவருக்குப் பரிஞ்சு எழுத வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுது."

"பார்த்ததைத்தான் எழுதியிருக்கேன். அளந்து எழுதியிருக்கேன்."

"அளந்தியா, பார்த்தியா?"

கேள்வி சரியாக அமைக்கப்படவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ரௌட்டருக்கு எப்படியும் ஒரு புதிய ஓட்டுநர் வருவார். அவர் வரும்போது கருவி குறையில்லாமல் இருக்க வேண்டும். மூன்று வார அலைச்சலுக்குக் காரணம் அதுதான். மலிவு விலை ரௌட்டர். உதிரி பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. தயாரிப்பாளரின் தொலைபேசியில் ஒரு பெண் குரல், அந்த மாடல் இப்போது வருவதில்லை, புதியதாகவே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கனிவோடு கைவிரித்தது. இரும்புக்கடைகள் ஏழில் ஏறி இறங்கினார். இணையத்தில் 'ரௌட்டர் அடாப்டர்' என்று தேடியபோது, சுவரில் செருகுகிற மின்செருகிகள் பக்கம் பக்கமாக வந்து நின்றன. ஒருவழியாக ஒரு விற்பனையாளர் எட்டு மில்லிமீட்டர் காலெட் ஒன்றையும், அதை ஆறாகக் குறைக்கும் அடாப்டர் ஒன்றையும், அதாவது உள்ளே செருகிக்கொள்ளும் பிளவுக் குழலையும், அனுப்பிவைத்தார். கூம்பு இரண்டு மில்லிமீட்டர் அதிக நீளம். நட் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை. வெர்னியர் அளவுப் படம் ஒன்று வரைந்து, பிழைகளை அடிக்கோடிட்டு, இரண்டையும் திருப்பி அனுப்பினார். விற்பனையாளர் படத்துக்கு நன்றி தெரிவித்திருந்தார்.

சாணைக் கடை எட்டாவது இடம். பிட்டுகளுக்கும் ரம்பங்களுக்கும் கூர் வைத்துத் தருகிற கடை. நடத்துபவர் ஐம்பது வயதுப் பெண்மணி. முழங்கை வரை இரும்புத் தூள் படிந்திருந்தது. அவர் இரண்டு காலெட்டுகளையும் வாங்கி, சன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடிப் பலகைமேல் உருட்டினார்.

"யாரோட மெஷின் சார்?"

"பட்டறை மெஷின்."

"பட்டறைக்குக் கை இருக்கா? யாரு கையில ஓடுதுன்னு கேக்குறேன்."

"என் தங்கச்சி வீட்டுக்காரர் ஓட்டினார். இப்ப ஓட்டலை."

"சரி. சாயங்காலம் எடுத்து வெக்கிறது யாரு?"

"அது எதுக்கு?"

"கேட்டதுக்கு பதில் சொல்றதுல உங்களுக்கு என்ன குறைஞ்சுடப்போகுது?"

"நான்தான்."

சாணைக்காரம்மா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு காலெட்டை அவரிடமே நீட்டினார்.

"உள்ள விரலை விட்டுப் பாருங்க. ஓட்டிக் கெட்டிருந்தா உள்பக்கம் தேஞ்சு வழவழன்னு இருக்கும், இல்லைன்னா கருகியிருக்கும். இது உள்ள புதுப் பொண்ணாட்டம் இருக்கு. வாய் மட்டும் மூடிக்கிச்சு. பிட்டு போடாம, வெறும் நட்டை இறுக்கியிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, விடாம. வாயில ஒண்ணும் இல்லாம கடிக்கச் சொன்னா அது என்ன பண்ணும்? தன்னையேதான் கடிச்சுக்கும். அப்புறம் காம்பைத் திணிச்சாலும் வாய் நுனி மட்டும்தான் கவ்வும், ஓட ஓட நழுவிடும்."

"அளவுக்கு மீறி இறுக்கினாலும் இப்படி ஆகலாமே?"

"உங்ககிட்டதான் ஸ்கேல் இருக்கே. வாய் எவ்வளவு?"

"அஞ்சு புள்ளி ஏழு."

"காம்பு?"

"ஆறு."

"உள்ள ஆறு மில்லி கம்பி நிக்கும்போது, எவன் எப்படி இறுக்கினாலும் அஞ்சு புள்ளி ஏழுக்கு எப்படி சார் மூடும்?"

வெர்னியர் அளவுகோலை எடுத்தார். தேவையில்லை என்று தெரிந்தும் அளந்தார். ஐந்து புள்ளி ஏழு. இரண்டாவதும் ஐந்து புள்ளி ஏழு. இந்த எண்ணை அவரே கண்டுபிடித்து, அவரே எழுதி, அவரே அடிக்கோடிட்டிருந்தார். அதை ஒரு மனிதருக்கு எதிரான சான்றாக வைத்தபோது, அந்த மனிதர் குற்றமற்றவர் என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

கிடங்குக் கதவில் அவர் கைப்பட எழுதி ஒட்டிய விதிகள் ஒன்பது. ஆறாம் விதி: மாலையில் பிட்டுகள் கழற்றப்பட்டுத் தனித் தட்டில் அடுக்கப்பட வேண்டும். ஏழாம் விதி: நட்டுகள் தொலையாதிருக்க, எல்லாக் கருவிகளின் நட்டுகளும் ஸ்பேனரால் இறுக்கப்பட வேண்டும். துளைக்கருவிகளுக்கும் இழைப்புக் கருவிகளுக்கும் அதனால் ஒரு கெடுதலும் நேர்ந்ததில்லை. பட்டறைக்கு ரௌட்டர் வந்ததே மாப்பிள்ளை வந்த மாதத்தில்தான். ஏழாம் விதியை வெர்னியர் யாரையும் நம்பி விட்டதில்லை. நாள்தோறும் மாலை ஐந்தேகாலுக்கு, மாப்பிள்ளை பிட்டைக் கழற்றிக் கருவியை ஒப்படைத்த பிறகு, ஸ்பேனரை எடுத்துத் தன் கையாலேயே இறுக்கினார். கடைசியில் அரைச் சுற்று அதிகமாகவே இறுக்கினார். தங்கை கணவர் பயன்படுத்திய கருவி ஆயிற்றே என்று.

"இந்தக் கூம்புக்கு வேற காலெட் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"மூணு வாரமா மெஷின் பேரைச் சொல்லித் தேடியிருப்பீங்க. கம்பெனிப் பேர்ல என்ன இருக்கு? ஒரே அச்சுல வார்த்து பச்சை அடிச்சா ஒரு பேரு, ஆரஞ்சு அடிச்சா இன்னொரு பேரு. கூம்பையும் மரையையும் பார்த்துத் தேடணும்." பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கவிழ்த்தார். முப்பது நாற்பது காலெட்டுகள் உருண்டன. இரண்டே நிமிடத்தில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். வெர்னியர் கூம்பை அளந்தார். நட்டைத் திருகிப் பார்த்தார். மரை வழுக்கிக்கொண்டு ஏறியது.

"ஆறுக்கு ஆறுதான் போடணும். ஆறேகால் பக்கம் வர்ற கால் இஞ்சுக் காலெட்டைப் போட்டு, தகரம் சுத்தி சமாளிக்காதீங்க. அடாப்டருக்குள்ள அடாப்டர் போடாதீங்க." மற்ற காலெட்டுகளை டப்பாவில் அள்ளிப் போட்டார். "சாயங்காலம் நட்டைக் கையால சும்மா திருகி விடுங்க, போதும். அது எங்கயும் ஓடிப்போகாது."

திரும்பும் வழி இருபது நிமிட நடை. வெர்னியர் வேகமாகத்தான் நடந்தார். ஆனால், இரண்டாம் மாதத்தில் ஒரு மாலை அவரைவிட வேகமாக வந்து எதிரே நின்றது. கருவியை ஒப்படைத்த மாப்பிள்ளை போகாமல் நின்றிருந்தார். வெர்னியரின் கையில் ஸ்பேனர். "மச்சான், பிட்டு இல்லாம இறுக்கினா..." என்று தொடங்கினார். "மாப்பிள்ளை, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுங்க. இங்க மச்சானும் கிடையாது, மாப்பிள்ளையும் கிடையாது" என்று வெர்னியர் வெட்டினார். பக்கத்தில் இருவர் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்து, கவுன்டருக்கு அந்தப் பக்கம் போய், "ஒண்ணுமில்லை சார்" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது வெர்னியருக்குத் தன் நடுநிலைமையை எண்ணிச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைதான் இப்போது, இந்த நடைபாதையில், முள்ளாகக் குத்தியது. அந்த வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

மேலாளர் பெண்மணி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். வெர்னியர் இரண்டு காலெட்டுகளையும் மேசைமேல் வைத்து, எண்களைச் சொல்லி, ஏழாம் விதியைச் சொல்லி முடித்தார்.

"நேத்தே வந்திருக்கக் கூடாதா?" என்றார் மேலாளர். அதட்டவில்லை. "உங்க பரிந்துரையை வெச்சுத்தான் புது ஆளுக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஆர்டர் குடுத்தேன். அவர் பழைய வேலையை விட்டுட்டு வர்றார். அதை நான் கிழிச்சுப் போட முடியாது."

"தப்பு என்னோடது. என்னை எங்க வேணும்னாலும் மாத்துங்க."

"உங்களை மாத்தினா ரௌட்டர் ரெண்டா ஆயிடுமா? எழுதிக் குடுங்க. அறிக்கையை ரத்துப் பண்றேன். என்ன செய்ய முடியும்னு பார்க்கிறேன்."

வெர்னியர் அங்கேயே அமர்ந்து எழுதினார். மேலாளர் படித்தார்.

"'கருவிக் கிடங்கின் நடைமுறையில் ஏற்பட்ட குறைபாடு காரணமாக'ன்னு போட்டிருக்கீங்க. கிடங்கு தானா எந்திரிச்சு வந்து இறுக்குச்சா சார்?"

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவர் என்று பெயரெடுத்தவர் அந்த வரியை அடித்தார். அதன்மேல், 'பிட் இல்லாத காலெட்டுகளை நாள்தோறும் நான் இறுக்கினேன். அதனால் அவை கெட்டன. ஓட்டுநர்மீது பிழை ஏதும் இல்லை' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். இரண்டு வரிகளுக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேலாளர் ஒரே ஒரு தாளைக் கொடுத்தார். பலகை சேதம் பற்றிய பழி நீக்கப்படுகிறது. தகுதிகாண் காலம் நிறைவுற்றது. சிப்பம் கட்டும் பிரிவில் நிரந்தரப் பணி. அடியில் இரண்டு கட்டங்கள்: ஏற்கிறேன், ஏற்கவில்லை.

"ரௌட்டர்ல இடம் இல்லை. எனக்கு இதுதான் முடிஞ்சது. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்றார்.

சிப்பம் கட்டும் பிரிவு பட்டறையின் கோடியில் இருந்தது. ரௌட்டரின் ஓசை அங்கே மெல்லிய ரீங்காரமாகவே எட்டும். மூன்று வாரமாக அதுவும் இல்லை. மாப்பிள்ளை தரையில் மண்டியிட்டு, மேசைக் கால் ஒன்றுக்கு அட்டை சுற்றி, பசைநாடாவைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார். சுற்று ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் விழுந்திருந்தது.

"கத்தரிக்கோல் இல்லையா, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை நிமிர்ந்தார். மூன்று வாரத்தில் பட்டறைக்குள் அந்தச் சொல்லை மச்சான் சொன்னது இதுதான் முதல் தடவை.

"கிடங்குல கேட்டா பதிவேட்டுல ஏத்தணும்ல, மச்சான். பல்லுக்குப் பதிவேடு கிடையாது."

வெர்னியர் கவிழ்த்து வைத்திருந்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். சாணைக்காரம்மா சொன்னதை எதையும் விடாமல், தன் பங்கைக் குறைக்காமல் சொன்னார். மாப்பிள்ளை பசைநாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார் வெர்னியர். "அன்னிக்குச் சொல்ல வந்தீங்க."

"தெரியும். வந்தேன். ஆனா சொல்லலையே, மச்சான். வந்ததுக்கும் சொன்னதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. மறுநாள் வீட்டுலயாவது சொல்லியிருக்கலாம். உங்க முகத்தைப் பார்த்ததும், போகட்டும், மெஷின்தானே போகும்னு விட்டுட்டேன். பலகை போகும்னு நினைக்கலை."

"பலகை போனப்புறமாவது..."

"அப்பச் சொன்னா, தப்பிக்கச் சொல்றேன்னு எழுதியிருப்பீங்க."

எழுதியிருப்பார். வெர்னியர் தாளை நீட்டினார். மாப்பிள்ளை கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மெதுவாகப் படித்தார். பழி நீக்கப்படுகிறது என்ற வரியில் விரலை வைத்து இரண்டாம் முறையும் படித்தார்.

"இந்த வரி நல்லா இருக்கு. இதோட நகல் ஒண்ணு கிடைக்குமா? உங்க தங்கச்சிகிட்டக் காட்டணும்."

"நகல் எடுத்தே வெச்சிருக்கேன்."

"நீங்க வெச்சிருப்பீங்கன்னு தெரியும்." மாப்பிள்ளை தாளைப் பெட்டியின்மேல் வைத்தார். "கதவு செய்யற பட்டறை ஒண்ணுல கூப்பிட்டிருக்காங்க, மச்சான். ரௌட்டர் டேபிள் ரெண்டு இருக்கு. இங்கிருந்து ரெண்டு பஸ் மாறணும். நாளைக்குள்ள பதில் சொல்றேன்னு இருந்தேன்."

"இங்கேயே இருங்க. புது ஆளு நிலைச்சு நிக்கிறாரோ இல்லையோ. ஒரு வருஷத்துல ரௌட்டர் மறுபடியும் உங்ககிட்ட..."

"ரௌட்டர் குடுத்திருந்தா யோசிச்சிருக்கவே மாட்டேன். அட்டை சுத்துறதுக்கு நிரந்தரமா எதுக்கு மச்சான்? என் கை அதுக்குப் பழகிடும். பழகிட்டா அவ்வளவுதான்." பசைநாடாவைத் தரையில் வைத்தார். "வீடும் அந்தப் பக்கமே பார்த்தாச்சு. ரெண்டு ரூம். போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குன்னு சொல்லிட்டுப் போயிருந்தோம்ல, அது கல்யாண வீடு இல்லை. உங்க தங்கச்சிதான் பிடிச்சிருக்குன்னு சொன்னா."

தங்கை போன ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்து, நேற்று மாலைதான் படியிறங்கி வந்து கேட்டாள் என்பதை வெர்னியர் கணக்கிட்டுப் பார்த்தார். அவளுடைய அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு முழு வீடு காத்திருந்திருக்கிறது.

"கோபமா, மாப்பிள்ளை?"

"கோபம் போன வாரம் இருந்துச்சு. இப்ப என்னவோ, லேட்டா வந்த பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி இருக்கு. வந்துடுச்சேன்னும் இருக்கு, இதுக்கா இவ்வளவு நேரம்னும் இருக்கு." மாப்பிள்ளை கையை நீட்டினார். "பேனா குடுங்க."

வெர்னியர் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அதோடு சேர்ந்து அளவுகோலும் வெளியே வந்தது. அதைத் திரும்ப வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மாப்பிள்ளை தாளைத் தொடையில் வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. மேசைக் காலின் அட்டைமேல் வைத்துப் பார்த்தார், அதுவும் அமுங்கியது. வெர்னியர் பெட்டியிலிருந்து எழுந்து இடம் விட்டார். மாப்பிள்ளை அதன்மேல் தாளைப் பரப்பி, 'ஏற்கவில்லை' என்ற இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு, தன் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு எழுதினார்.

"தேதி எங்க போடணும், மச்சான்?"

"கையெழுத்துக்குக் கீழ."

மாப்பிள்ளை தேதியைப் போட்டார். மை காய்வதற்காகத் தாளை ஒருமுறை ஊதினார். பிறகு எழுந்து நின்று, அதை நீட்டினார். வெர்னியர் அளவுகோலைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.